பழைய மேசையும் எமது பழைய தீர்ப்பும்

(பழைய மாணவரும் தமிழாசிரியருமான ஒருவர், ஹெந்தளை)

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, சங்க நூற் சுவை பற்றியோ தாய்மொழிக் கல்வியின் மாண்பு பற்றியோ நாம் எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியரிடம் அதனை எதிர்பார்த்தல் முறையே. நாமோ மேசை ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். அஃது உணவு மேசையுமன்று, எழுது மேசையுமன்று. பச்சைத் துணி போர்த்து, ஆறு பைகள் கொண்டு, நீண்ட கோலாற் பந்துகளை உந்தி ஆடும் பூல் மேசை. பிறர் ஆடிப் பழகிய அம்மேசையை வெள்ளவத்தையில் விலைக்கு வாங்கி, ஹெந்தளைக்குக் கொணர்ந்து, பழுது நீக்கி, எமது வீட்டு முன் மண்டபத்தில் நிறுத்தியுள்ளோம். அம்முயற்சியில் மேசையின் கோணல் மட்டுமன்றி எமது கருத்தின் கோணலும் வெளிப்பட்டது. அதனை நம் கல்லூரி அன்பர்முன் வைத்தல் எமது கடனென்று கருதுகின்றோம்.

நம்மவருட் பலர்க்குப் பில்லியட்ஸ் என்ற சொல்லே ஆகாது. கிளப்பு, மதுக் கிண்ணம், சுருட்டுப் புகை, பந்தயப் பணம் என்பன அச்சொல்லின் பின்னே வரிசையாக வந்து நிற்கும். கரம் பலகையை வீட்டினுள் விடுவோம். நவராத்திரி விடுமுறையில் தாத்தாவும் பேரனும் எதிரெதிரே அமர்ந்து அதில் ஆடினால் மகிழ்வோம். பூல் மேசையை மட்டும் விடோம். இவ்வச்சம் காரணமின்றித் தோன்றியதன்று. பூல் என்னும் பெயரே ஆடுவோர் அனைவரும் ஒருங்கு வைக்கும் பந்தயத் தொகையைக் குறித்து வந்ததாகும். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே குதிரைப் பந்தயத்துக்குப் பணங்கட்டும் கூடங்கள் அப்பெயரைத் தாங்கியிருந்தன. ஓர் ஓட்டத்துக்கும் மறு ஓட்டத்துக்கும் இடையே வந்தவர் பொழுது போக்கும் பொருட்டு அங்கே பில்லியட்ஸ் மேசைகளும் இடப்பட்டன. பணம் குதிரைமேற் போயிற்று. பழி மேசைமேல் விழுந்தது.

தமிழ் நூல் கற்றோர் இவ்விடத்திற் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். திருவள்ளுவர் சூதினைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தார். அவரே கல்லாமை என்னும் அதிகாரத்தின் முதற் குறளில், நிறைந்த நூலறிவின்றி அவையிற் பேசப் புகுவதனை, அரங்கு வரையாமல் வட்டாடுவதற்கு உவமித்தார். வட்டாடுதலாவது உண்டைகளை உருட்டி ஆடுவது என்று பொருள் கொண்ட பரிமேலழகர், அதற்குச் சான்றாக நற்றிணையின் மூன்றாம் பாட்டைக் காட்டினார். இளங்கீரனார் பாடிய அப்பாட்டிலே, வேப்பமரத்தின் புள்ளி நிழலில், பொன்னுரைக்கும் கட்டளைக்கல்லை ஒத்த அரங்கு ஒன்றைக் கீறி, சிறுவர் நெல்லிக்காய்களை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். கரிய கல்லைப் போன்ற அரங்கும் அதன்மேல் உருளும் பச்சைக் காய்களும் நம் பழந்தமிழ்ச் சிறார்க்குப் புதியன அல்ல. சூதுக்கு ஓர் அதிகாரம். ஆட்டத்துக்கு ஓர் உவமை. வள்ளுவர் பிரித்து வைத்தவற்றை நாம் ஒன்றாகக் கட்டிவிட்டோம்.

இத்துணையும் வகுப்பிலே பல்லாண்டு கற்பித்திருந்தும் நாம் திருந்தினோமல்லோம். எம்மை முதலில் அசைத்தது கைப்பேசியாகும். எமது மைந்தர் இருவரும் மாலைதோறும் ஒரு மூலையிற் குனிந்திருந்து அதன் கண்ணாடியை விரலால் தேய்த்துக்கொண்டிருப்பர். என்னவென்று எட்டிப் பார்த்தபோது பூல் ஆட்டம்! முகந்தெரியாத எவனோ ஒருவனுடன், எந்நாட்டானென்றும் அறியாது, விரலசைவில் ஆடிக்கொண்டிருந்தனர். கை நீட்டலும் இல்லை, கால் ஊன்றலும் இல்லை. தோற்றால் எதிரியின் முகத்தைப் பார்த்து நகைக்கவும் வழியில்லை. ஆடுவது அதுவேயாயின், கையால் ஆடட்டும், கண்முன் ஆடட்டும் என்று எமக்குத் தோன்றிற்று.

அந்நாளில், அஃதாவது 2022 ஆம் ஆண்டின் பெரும் பொருளாதார நெருக்கடிக்கு அடுத்த ஆண்டில், வெள்ளவத்தையிற் கடற்பக்க ஒழுங்கையொன்றில் வாழ்ந்த மூத்த பழைய மாணவர் ஒருவர் ரொறன்ரோவில் உள்ள பிள்ளைகளிடம் போய்ச் சேரப் புறப்பட்டார். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைப்பட்டன. மேல்மாடியில் இருந்த எட்டடி மேசையைக் கேட்பாரில்லை. பிள்ளைகள் பிரிந்து சென்றபின் அதன்மேல் பழைய பத்திரிகைகளும் மடித்த போர்வைகளும் குவிந்திருந்தன. கேட்ட விலை எமது இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. நாம் தயங்கியதைக் கண்டு, “விறகுக்கு விக்க மனமில்லைத் தம்பி. ஆடுற வீட்டுக்குப் போகட்டும்” என்று அவர் இன்னும் குறைத்தார். இங்ஙனம் போகும் வீடுகள் நம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை! அலுமாரிகளும் ஆட்டுக்கல்லும் போவது போல, பிள்ளைகள் ஆடிய மேசைகளும் போகின்றன.

பழைய மேசை வாங்குவார்க்கு நாம் பட்டறிந்தவற்றை ஈண்டுக் கூறுதல் பயன்படும். மேசையின் உயிர் அதன் மரத்திலன்று, துணியிலுமன்று; துணிக்கடியில் மறைந்து கிடக்கும் கற்பலகையிலே இருக்கின்றது. துணி கிழிந்தால் மாற்றலாம். மரம் பழுதானால் மொறட்டுவைத் தச்சர் வேறு செய்து தருவர். கல் வெடித்தால் மேசை முடிந்தது. ஆகவே முதலிற் கீழே குனிந்து, தளம் கல்லோ அன்றி அட்டைப் பலகையோ என்று காண்க. சட்டத்தையும் கால்களையும் விரற் கணுவாற் தட்டிக் கறையான் தின்ற வெற்றோசை கேட்கின்றதா என்று நோக்குக. பின்னர் ஒரு பந்தை மெல்ல உருட்டுக. ஓய்ந்து நிற்கும் வேளையில் அது ஒரு பக்கம் வளையுமாயின் தளம் சாய்ந்துள்ளது. அதே பந்தை வலிந்து உந்துக; நெடும்பக்கமாக நான்கு முறையேனும் ஓடித் திரும்பாதாயின் விளிம்பிலுள்ள இறப்பர் செத்துவிட்டது. எமது மேசையில் கல் நன்று, மரம் நன்று, இறப்பர் செத்தது, துணி கந்தல். இறுதியாக ஒன்று: விலையை மட்டும் எண்ணற்க. கொண்டு செல்லவும் திருத்தவும் ஏறக்குறைய அவ்விலையளவு மீண்டும் வேண்டும்.

கற்றளம் என்பது பழைய வழக்கமுமன்று. முற்காலத்து மேசைகளின் தளம் மரப்பலகையாகவே இருந்தது. ஈரத்தில் உப்பியும் வெயிலிற் சுருங்கியும் அது நெளிந்தது. இலண்டனில் ஜோன் தேர்ஸ்டன் என்னும் மேசை வினைஞர் 1826 ஆம் ஆண்டளவிற் கற்பலகைத் தளத்தையும், 1835 ஆம் ஆண்டளவில் இறப்பர் விளிம்பையும் கொணர்ந்தார். வேல்ஸ் நாட்டு மலைகளில் வெட்டிய கல் அதற்குப் பயன்பட்டது. நம் மாணவர் எழுதிப் பழகிய சிலேட்டும் அவ்வினக் கல்லேயாம். நெளியாமை அதன் பெருமை; கனம் அதன் குற்றம். எட்டடி மேசைக்கு மூன்று பலகைகள். ஓர் அங்குலத் தடிப்பாயின் ஒவ்வொன்றும் 70 கிலோ அளவு நிறுக்கும். சட்டமும் கால்களும் சேர மேசை முழுதும் 300 கிலோவைக் கடக்கும். பன்னிரண்டடி கொண்ட பெரிய பில்லியட்ஸ் மேசைக்கோ பலகைகள் ஐந்து. அதன் பாரம் ஒரு தொன்னுக்கு மேல்.

இப்பாரத்தை அறியாது நாம் ஒரு லொறியையும் நான்கு ஆட்களையும் அமர்த்தி வெள்ளவத்தைக்குச் சென்றோம். வந்தவர்கள் கட்டிலைத் தூக்குவது போல ஒரு முனையைத் தூக்கினர். உள்ளே ‘கிறீச்’ என்றோர் ஓசை எழுந்தது. பலகைகளின் பொருத்து வாயை அடைத்திருந்த பூச்சு பிளந்துவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து தடுத்து, “கொட்டாஞ்சேனையில் இந்த வேலைக்கெண்டே ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடுவம்” என்றார். அன்று லொறிக்காரருக்கு அரை நாட் கூலி கொடுத்து அனுப்பினோம். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், கையில் ஒரு தகரப் பெட்டியுடன் அவ்வினைஞர் படியேறி வந்தார். எம்மைக் கண்டதும் நின்றார். “சேர்!” என்றார்.

எமக்கு அவர் முகம் உடனே நினைவுக்கு வந்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். அப்போது நாம் “சுகமா தம்பி?” என்று மட்டும் கேட்டோம். அவரும் “சுகம் சேர்” என்று சொல்லித் தம் வேலையைத் தொடங்கினார்.

அவர் வேலை செய்த முறை எமக்குப் பாடமாயிற்று. முதலிற் பைகளைக் கழற்றினார். பின்னர் விளிம்புக் கட்டைகளின் ஆணிகளைத் திருகியெடுத்து, எக்கட்டை எப்பக்கத்தது என்று ஒவ்வொன்றிலும் சோக்கினால் இலக்கமிட்டார். துணியை நீக்கி, கற்பலகைகளுக்கும் எண்ணிட்டார். “ஒரு கல்லோட ஒரு கல் சோடி சேர், மாறி வைச்சாப் பொருந்தாது” என்றார். புறக்கோட்டையிலிருந்து அவர் அழைத்து வந்த இரு நாட்டாமைகள், ஒவ்வொரு பலகையையும் கண்ணாடியைத் தூக்குவது போல நெட்டாக நிறுத்திப் படியிறக்கினர். கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்தாலேயே நடுவில் வெடிக்கும் என்க. லொறியிலும் பழைய தும்பு மெத்தையில் நெட்டாகச் சாய்த்துக் கட்டினர். வாகன நெருக்கம் தொடங்குமுன் களனி ஆற்றைக் கடந்து, பேலியகொடை வழியாக வத்தளையை அடைந்து, ஹெந்தளைச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினோம்.

எம் இல்லாள் மண்டபத்தை ஒழித்து வைத்திருந்தாள். மேசை எட்டடியாயினும் கோலைப் பின்னிழுத்து உந்துவதற்குச் சுற்றிலும் இடம் வேண்டுமாதலின், 17 அடி நீளமும் 13 அடிக்குச் சற்றுக் கூடிய அகலமும் உள்ள அறை வேண்டும். எமது மண்டபம் அவ்வளவே. “இனி வருகிற ஆட்களை எங்கை இருத்துறது?” என்று அவள் கேட்டதற்கு எம்மிடம் இன்றுவரை மறுமொழியில்லை.

ஹெந்தளை நிலம் கொழும்பு நிலம் போன்றதன்று. மேற்கே கடல்; ஊரை ஊடறுத்துப் பிரித்தானியர் 1802 ஆம் ஆண்டளவில் வெட்டிய ஹமில்டன் கால்வாய்; வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு. வீட்டுத் தரை நாம் அறியாமலே ஆண்டுதோறும் சிறிது அமிழும். வினைஞர் தரையில் ஒரு பந்தை உருட்டிப் பார்த்து, கால்கள் வரும் இடங்களில் ஓடுகளைப் பெயர்த்து, கொங்கிறீற்றுக் கட்டைகள் இடுவித்து, ஒரு கிழமை காயவிட்டார். பின்னரே சட்டத்தை நிறுத்தினார். கற்பலகைகளை ஏற்றியபின் இரசமட்டத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து வைத்துப் பார்த்தார். தாழ்ந்த இடங்களிற் கல்லுக்கும் சட்டத்துக்கும் இடையே செருகுவதற்கு மெல்லிய அட்டைத் துண்டுகள் வேண்டுமென்றார். பிற இடங்களில் இதற்குச் சீட்டுக்கட்டுப் பயன்படுமாம். எமது வீட்டிற் சீட்டுக்கட்டு ஏது? இல்லாள் சேர்த்து வைத்திருந்த பழைய கலியாண அழைப்பிதழ்களைக் கொணர்ந்தாள். அவற்றைக் கீறிக் கீறிச் செருகி, அன்று காலை தொடங்கியவர் விளக்கு வைக்கும் வேளையிலேதான் “இப்ப சரி” என்றார். எமது கண்ணுக்கு அது நண்பகலிலேயே சரியாகத் தோன்றியது.

பொருத்து வாய்களில் தேன்மெழுகுடன் சிறிது குங்கிலியம் கூட்டிக் காய்ச்சி வார்த்து, ஆறியபின் தகட்டால் வழித்தார். செத்த இறப்பரைச் சுரண்டி எறிந்து புதியது ஒட்டினார். இறப்பர் விளிம்பு முதலில் வந்தபோது இங்கிலாந்தின் குளிரில் அது கல்லாக இறுகிவிடும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறை வந்தபின்னரே நிலைபெற்றது. அவ்விறப்பர் மரம் 1876 ஆம் ஆண்டில் நம் தீவிற்கு வந்து நடப்பட்ட இடம் ஹெனரத்கொடைப் பூந்தோட்டம். அதுவும் ஹெந்தளை இருக்கும் அதே கம்பகா மாவட்டத்தில் உள்ளது. துணிக்குத்தான் இரு மாதங்கள் காத்திருந்தோம். நெருக்கடிக்குப்பின் இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியிருந்தது. கடற்காற்றின் ஈரம் கம்பளித் துணியிற் படிந்தால் பந்து சோம்பிவிடும் என்றும், ஆடி முடிந்ததும் ஒரு திசையாகவே தூரிகையால் நீவிப் போர்வை மூடவேண்டும் என்றும் வினைஞர் எமது மைந்தர்க்குப் பழக்கினார். பந்துகள் இரசாயனப் பிசினால் ஆயவை. ஒரு காலத்தில் அவை யானைத் தந்தத்திலே கடையப்பட்டன. ஒரு தந்தத்திற் சில பந்துகளே தேறும். அதற்கு மாற்றுக் காண்பார்க்கு 1863 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் 10,000 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டமையும், 1869 இல் ஜோன் வெஸ்லி ஹயற் கொலோடியன் பூசிய பந்துக்கு உரிமை பெற்றமையும் வரலாறு. இன்று பந்தின் பொருட்டு யானை வீழ்வதில்லை என்பது ஒரு மனநிறைவு.

இனி, கூறாது விட்டதைக் கூறுவோம். 2007 ஆம் ஆண்டில் நாம் கொழும்பில் வேறொரு பாடசாலையில் இளம் ஆசிரியராக இருந்தோம். சோதனைச் சாவடிகளும் சுற்றிவளைப்புகளும் மிகுந்த காலம் அது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பேருந்துகளில் ஏற்றிக் கொழும்பினின்று அனுப்பப்பட்டதையும், உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்ததையும் அன்பர்கள் மறந்திரார். வெளியே போன பிள்ளை வீடு திரும்பும்வரை தாய்மார் வாசலில் நின்றனர். அந்நாளில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மாலைதோறும் பில்லியட்ஸ் கூடம் ஒன்றினுட் போகின்றான் என்று எம்மிடம் சிலர் சொன்னார்கள். ஒரு நாள் நாமே கண்டோம். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனை எழுப்பி நிறுத்தி, சூதாடி உருப்பட்டவன் இல்லை என்று நளன் கதையும் தருமன் கதையும் சொன்னோம். அதிபருக்கும் ஒரு கடிதம் எழுதினோம். இரு கிழமைக்குள் அவன் வகுப்புக்கு வராதொழிந்தான். நாம் தேடவில்லை. சொன்னது பலித்தது என்றுகூட அப்போது நினைத்தோம்.

துணி விரித்த அன்று மாலை, தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், இவ்வேலையை எங்கே பழகினீர் என்று வினவினோம். அவர் மறைக்காமற் சொன்னார். “அந்தக் கூடத்தில தான் சேர். நான் விளையாடப் போகேல்லை. பின்னேரத்தில புள்ளி எழுதிற வேலை. அப்பா படுக்கையில. மருந்துக்குக் காசு வேணும். மேசை திருத்த வாற கிழவனுக்கு ஒத்தாசை செய்து பழகினனான்.”

“அப்ப ஏன் தம்பி அண்டைக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லைச் சேர்.”

அவர் குரலிற் கசப்பு இருக்கவில்லை. நாம் தேநீரைக் கீழே வைத்தோம். பிழை எமது என்று சொன்னோம். அவர் தலையசைத்து, தகரப் பெட்டியைப் பூட்டினார். பேசிய கூலியில் ஒரு சதமும் அவர் குறைத்தாரல்லர். அஃது எமக்கு ஆறுதலாகவே இருந்தது.

அன்பர்களே, நாம் இக்கதையைச் சொல்வது எம்மை நொந்துகொள்ளுதற்கு மட்டுமன்று. நம் ஆசிரியரும் பெற்றோரும் இன்றும் இவ்வாறே தீர்ப்பளிக்கின்றனர் என்பதை அறிவோம். கூடத்தின் பெயர் கேட்டவுடன் ஆட்டத்தையும், ஆட்டத்தின் பெயர் கேட்டவுடன் ஆளையும் எடைபோடுகின்றோம். கேளாது தீர்ப்பளித்தல் கல்லாமையினும் கொடிது. பந்தை உருட்டிப் பாராமல் மேசை கோணல் என்று சொல்லும் வினைஞன் எவனும் இல்லை. பிள்ளையை வினவிப் பாராமற் கோணல் என்று சொல்லும் ஆசிரியர் பலர். நாம் அவருள் ஒருவராயிருந்தோம்.

அன்றியும், நாம் பழித்த இவ்வாட்டமே நம் தீவுக்கு முதற் பெருமை தேடித் தந்தது. 1967 ஆம் ஆண்டில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டி கொழும்பிலே நடந்தது. அதில் வாகை சூடியவர் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிபீல்ட். ஆறாண்டின்பின், 1973 இல், பம்பாயில் நடந்த அதே போட்டியில் நம் நாட்டவராகிய எம். ஜே. எம். லாபீர் உலக வீரரானார். எந்த விளையாட்டிலும் இத்தீவினர் ஒருவர் உலக வாகை சூடியது அதுவே முதன்முறை. 1996 ஆம் ஆண்டிற் கிரிக்கெட்டு உலகக் கிண்ணத்தை வென்றபோது நாடே வீதியில் இறங்கி ஆடிற்று; அதற்கு 23 ஆண்டுகட்கு முன்னரே பச்சைத் துணியின்மேல் ஓர் உலக வெற்றி நமக்குக் கிட்டியிருந்தது. அண்டை நாடாகிய இந்தியாவிலும் முதல் தனிநபர் உலக வீரர் பில்லியட்ஸ் ஆட்டக்காரரே; 1958 இல் கல்கத்தாவில் வென்ற வில்சன் ஜோன்ஸ் அவர். எத்தனை வகுப்பறைகளில் இப்பெயர்கள் சொல்லப்படுகின்றன?

ஆட்டம் அயலது என்பாரும் உளர். அதன் கிளையாகிய ஸ்நூக்கர் தோன்றியதே இந்திய மண்ணில். 1875 ஆம் ஆண்டில் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் படையதிகாரி அதனை உருவாக்கினார். பிற்காலத்துப் பிரதமர் வேறொருவர். பின்னர் 1882 ஆம் ஆண்டளவில் உதகமண்டலத்துக் கிளப்பில், நம் தமிழ்நாட்டு நீலகிரியிலே, அதன் விதிகள் வகுக்கப்பட்டன. ஸ்நூக்கர் என்னும் சொல்லோ, படைக் கல்லூரியிற் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவனைக் குறித்த கேலிப் பெயர். ஆக, அதன் பெயரிலேயே இன்னும் பழகாத ஒரு மாணவன் நிற்கின்றான். அவனைப் பழக்குவது யார் கடன்?

மறுப்புக் கூறுவார்க்கும் விடையளித்தல் வேண்டும். இது செல்வர் ஆட்டம் என்பர். புதிய மேசை அவ்வாறே. பழைய மேசையைப் பலர் கூடி வாங்கினால் அவ்வளவு பெரிதன்று. படிப்புக் கெடும் என்பர். எமது மைந்தர்க்கு வீட்டுப் பாடம் முடிந்தபின் ஒரு மணிநேரம் என்பது விதி. இப்போது கைப்பேசியைத் தேடுவது குறைந்துள்ளது. முற்றாக ஒழிந்தது என்று பொய் கூறோம். அயல் வீட்டுச் சிங்களப் பிள்ளைகளும் வருகின்றனர். புள்ளி எண்ணுகையில் எமது பிள்ளைகள் சிங்களமும் அவர்கள் தமிழும் கற்கின்றனர். பந்து விளிம்பிற் பட்டுத் திரும்புங் கோணத்தை நோக்கி, கணித பாடத்திற் படித்தது இதுவோ என்று மூத்தவன் வினவியதும் உண்டு. சூதாகிவிடும் என்பதே வலிய மறுப்பு. ஆம், பணம் வைத்தால் ஆகும். பணம் வைத்தாற் கரமும் சூதே; கிரிக்கெட்டும் சூதே. பெரியோர் கண் படாத இடத்தில் ஆடவிட்டுப் பின்னர் பழிப்பதைக் காட்டிலும், கண்முன்னே அரங்கு அமைத்து ஆடவைத்தல் நன்று. வள்ளுவரின் உவமை அரங்கின்றி ஆடுவதைத்தானே குறை கூறுகின்றது?

ஆதலின் இவ்விழாவாண்டில் எமது வேண்டுகோள் ஒன்று. விழாவுக்கு நினைவுக் கல் ஒன்று நாட்டப் பணம் திரட்டுவர், நாட்டுக. அத்துடன் வேறொரு கல்லையும் நினைக்க. வெளிநாடு செல்லும் அன்பர் வீடுகளிலும் பழைய கிளப்புகளிலும் தூசு படிந்து கிடக்கும் மேசை ஒன்றை வாங்கிக் கல்லூரியில் நிறுத்துக. பழைய மாணவர் ஒருவர் மாலைதோறும் அங்கே மேற்பார்வைக்கு இருக்க. பந்தயம் இல்லை, பாடம் முடிந்தபின் ஆட்டம், தோற்றவன் தூரிகை பிடித்துத் துணி நீவுக என்னும் மூன்று விதிகள் போதும். மேசையை நிறுத்த வரும் வினைஞரிடம், வேலைக் கூலியுடன் பயிற்சிக் கூலியும் கொடுத்து, விருப்பமுள்ள மாணவர் இருவர்க்கு மட்டம் பார்க்கவும் துணி விரிக்கவும் கற்பிக்கச் செய்க. அத்தொழில் அறிந்தார் இன்று நம்மிடையே மிகச் சிலர். பரீட்சையிற் தவறியவனும் தலைநிமிர்ந்து வாழ அஃது ஒரு வழி. இதற்கெனக் குழு அமையுமாயின், அவ்வினைஞரை அழைத்து வருவதற்கு நாமே கொட்டாஞ்சேனைக்குச் செல்வோம்.

கல்லூரிகள் பெரும்பாலும் வென்றவர் பெயர்களையே பொன்னெழுத்திற் பொறிக்கின்றன. அது தக்கதே. ஆயினும், வரவேட்டிற் பெயர் இருந்து ஒரு நாள் வராதொழிந்தவரும் நம் மாணவரே. அவர் எங்கே, ஏன் போனார் என்று இந்த ஜூபிலி ஆண்டிலாயினும் நாம் ஒவ்வொருவரும் ஒருவரையேனும் தேடிக் கேட்போமாக. எம்மைப் பொறுத்தவரை, அவரே படியேறி வந்தார். கேட்க வேண்டியதை நாம் பதினாறு ஆண்டுகள் தாழ்த்துக் கேட்டோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மாணவர்!